முப்பத்தைந்து முதல் நாற்பது வரை

வெண்டல் ஸ்கேட்ஸ் அந்த ஆறு இடங்களையும் பார்த்தானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க அணு மின்நிலையத்தில் ஒரு சுவரைத் துளைத்தார்கள். அரசாங்கம் ஓர் அதிகாரியை என் சமையலறைக்கே அனுப்பியது. அதற்குப் பிறகும் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவரை எழுதுகிறேன்.

வெண்டல் எங்கள் சாலையில் எனக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறான். அவன் அப்பா வேர்க்கடலை பயிரிட்டார். வெண்டலுக்கு மண் ஒத்துவரவில்லை. செங்கல் சூளையில் எட்டு வருடம் வேலை பார்த்தான். பிறகு மாநில நெடுஞ்சாலைத் துறையில் பாலங்களின் கான்கிரீட்டைச் சோதிக்கும் வேலையில் இருபத்திரண்டு வருடம். ஐம்பத்தைந்து வயதில், ஆற்றங்கரையில் புதிதாக இரண்டு அணு உலைகள் கட்ட ஆரம்பித்தபோது, அங்கே தர ஆய்வாளனாகச் சேர்ந்தான். நாட்டில் முப்பது வருடமாக யாரும் புதிதாக அணு உலை கட்டியிருக்கவில்லை. அந்த வேலை தெரிந்தவர்களில் பாதிப்பேர் கல்லறையில் இருந்தார்கள். மீதிப்பேரில் இருவரை முதியோர் இல்லத்தில் நானே குளிப்பாட்டியிருக்கிறேன். எனவே பாலம் பார்த்தவர்கள், கப்பல் பார்த்தவர்கள் எல்லோரையும் கூட்டி வந்து பயிற்சி கொடுத்தார்கள்.

வெண்டல் அந்த வேலைக்கென்றே செய்த ஆள். எங்கள் தேவாலயத்துக்குப் புதுப் படிகள் கட்டி ஆசீர்வதித்த நாளன்று, மூன்றாவது படி மற்றவற்றைவிட அரை அங்குலம் உயரம் என்று பாஸ்டரிடம் எல்லோர் முன்னாலும் சொன்னவன். பாஸ்டர் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. படி அரை அங்குலம் உயரம்தான்.

மின்நிலையத்தில் அவன் வேலை இது. சுவர் எழுப்பும்முன் கம்பி கட்டுவார்கள். இரு பக்கமும் பலகை அடைத்துக் கான்கிரீட் ஊற்றிவிட்டால் உள்ளே இருக்கும் கம்பியை அதன்பின் யாரும் பார்க்க முடியாது. அதனால் ஊற்றுவதற்கு முன் வேலையை நிறுத்திவைப்பார்கள். ஆய்வாளர் வந்து, தாளில் குறித்திருக்கும் ஒவ்வொரு இடத்திலும் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இருக்கவேண்டிய இடைவெளி இருக்கிறதா என்று அளப்பார். சரியாக இருந்தால் கட்டத்தில் 'சரி' என்று எழுதி, நேரத்தையும் தன் பெயரெழுத்தையும் போடுவார். எல்லா இடமும் முடிந்த பிறகு கடைசியில் தன் முத்திரையைக் குத்துவார். வெண்டலின் முத்திரை எண் 117. அது விழாமல் ஒரு வாளி கான்கிரீட்கூட ஊற்றக்கூடாது.

முப்பத்தொரு வருடம் முதியோர் இல்லத்தில் பணிப்பெண்ணாகவும், பிறகு பணிப்பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பவளாகவும் இருந்த எனக்கு இது புதிதல்ல. எங்களுக்கும் கறுப்பு மைதான். எங்களுக்கும் அழிக்கக்கூடாது, தவறாக எழுதிவிட்டால் ஒரே கோடு, பக்கத்தில் பெயரெழுத்து, தேதி. மாத்திரை கொடுத்தேன் என்று எழுதாவிட்டால் கொடுக்கவில்லை என்றே கணக்கு. இதில் எங்கள் இருவருக்கும் நல்ல ஒற்றுமை. எழுதியிருந்தும் கொடுத்தோமா என்று தெரியாவிட்டால் என்ன கணக்கு என்று மட்டும் நான் யோசித்ததில்லை.

அது மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. வெண்டலின் மனைவி ஆர்டித்துக்குக் கொஞ்சம் கீரை கொண்டுபோனேன். சமையலறைத் தரையில் ஃப்ரிட்ஜில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். வாயின் வலது பக்கம் தொங்கியிருந்தது. வலது கையைத் தூக்கச் சொன்னேன், எழவில்லை. பக்கவாதத்தில் நேரம்தான் மருந்து. அதனால் கைக்கு அகப்பட்ட ஒரு தபால் உறையின் பின்னால் நேரத்தைக் குறித்தேன்: பார்த்தது 9.50. ஆம்புலன்ஸுக்குப் பேசியது 9.52. ஆம்புலன்ஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது 10.04. மின்நிலைய அலுவலகத்துக்குப் பேசியது 10.05.

கட்டுமான இடத்துக்குள் கைபேசி கொண்டுபோகக்கூடாது. நான் சொன்ன செய்தியை அலுவலகப் பெண் வாயிலுக்குச் சொல்லி, வாயிலிலிருந்து ரேடியோவில் டக்கருக்குப் போயிற்று. டக்கர் கம்பி கட்டுகிறவர்களின் மேஸ்திரி. அவன் வெண்டல் நின்ற சாரத்துக்கு நடந்துபோய்ச் சொன்னான். வெண்டல் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. முகத்தில் சிவப்பு மண். நாற்காலியில் உட்கார்ந்தான். நான் காபி வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து ஆர்டித் வீட்டுக்கு வந்தாள். நான் தினமும் காலையில் போய்க் குளிப்பாட்டி, கைக்குப் பயிற்சி கொடுத்தேன். அவளுக்குப் பேச்சில் ஒரு சிக்கல். வேண்டும் என்றாலும் 'ஆமா', வேண்டாம் என்றாலும் 'ஆமா'. சூப் வேண்டுமா என்று கேட்டால் ஆமா என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளுவாள். வெண்டல் அவள் வாயைக் கவனித்துக் கவனித்துக் குழம்பிப்போனான். வாயை விட்டுவிட்டுக் கையைப் பார் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு அவளை மாற்றுவதை மூன்றே நாளில் கற்றுக்கொண்டான். நாற்காலி எங்கே நிற்கவேண்டும் என்று தரையில் டேப் ஒட்டி வைத்தான். நான் பயிற்சி கொடுத்த பெண்களில் பாதிப்பேர் அந்த அளவுக்குச் செய்யமாட்டார்கள்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் மாலை வேலையிலிருந்து வந்தவன் தொப்பியைக் கழற்றாமல் கேட்டான்.

"மிஸ் எர்லீன், அன்னிக்கு நீங்க ஆபீசுக்கு எத்தனை மணிக்குப் போன் பண்ணீங்க?"

"பத்து அஞ்சு."

"நிச்சயமா?"

"எழுதி வெச்சிருக்கேன். ஏன் கேக்குற?"

அப்போதுதான் சொன்னான். ஆவண அறையில் பழைய தாள்களைச் சரிபார்க்கும் பெண் ஒரு தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாள். நாற்பது இடம். முதல் முப்பத்துநான்குக்கும் இரண்டு நிமிட இடைவெளியில் நேரம் போட்டிருக்கிறது, முப்பத்துநான்காவது 10.14. முப்பத்தைந்து முதல் நாற்பது வரை ஆறுக்கும் ஒரே நேரம்: 10.30. ஆறு 'சரி', ஆறு பெயரெழுத்து, கீழே முத்திரை. எல்லாம் அவன் கைதான். சுவருக்கு மறுநாளே கான்கிரீட் ஊற்றிவிட்டார்கள்.

ஒரே நேரத்தில் ஆறு இடத்தை எப்படி அளந்தாய் என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான் கேள்வி.

"அளந்துட்டு நேரத்தை மட்டும் கடைசியில சேத்துப் போட்டிருப்பே," என்றேன்.

"இருக்கலாம்."

"இல்லேன்னா?"

"அளக்காம போட்டிருப்பேன்." தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "எனக்கு ஞாபகமே இல்ல. டக்கர் ஏணியில ஏறி வந்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் கார்ல இருந்தது ஞாபகம் இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்ல."

டக்கரைக் கேட்டிருக்கிறான். பத்தேகாலுக்குச் சொன்னேன், நீ 'முடிச்சிட்டு வர்றேன்' என்றாய், நான் கீழே இறங்கிவிட்டேன் என்று டக்கர் சொன்னான். வெண்டல் வாயிலைத் தாண்டியது 10.41 என்று வாயில் பதிவில் இருக்கிறது. சாரத்திலிருந்து வாயிலுக்குப் பத்து நிமிட நடை. ஆக, பதினாறு நிமிடம் அவன் அங்கே நின்றிருக்கிறான். ஆறு இடத்தை அளக்கப் பன்னிரண்டு நிமிடம் போதும். அளந்தும் இருக்கலாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு வெறுமனே நின்றும் இருக்கலாம்.

இதில் அவனுக்கு எது தேவலாம் என்று எனக்குப் புரியவில்லை. அளந்தான் என்றால், மனைவி விழுந்து கிடக்கிறாள் என்று தெரிந்தபிறகும் பதினாறு நிமிடம் கம்பி அளந்தவன். அளக்கவில்லை என்றால், பார்க்காததற்கு முத்திரை குத்தியவன். ஆம்புலன்ஸ் அதற்கு முன்பே போய்விட்டது, உன் பதினாறு நிமிடத்தால் ஆர்டித்துக்கு ஒன்றும் கூடவுமில்லை குறையவுமில்லை என்று சொன்னேன். கேட்டுக்கொண்டான். அது அவனுக்கு உதவியதாகத் தெரியவில்லை.

அவனுடைய மேலதிகாரி ப்ரிச்சர்ட், தரப் பிரிவின் தலைவர். கெட்ட மனிதர் இல்லை. மாதத்துக்கு நூற்றுக்கணக்கான தாள்களை மூடவேண்டியவர். அவர் வெண்டலைக் கூப்பிட்டு, 'ஆறு இடங்களும் ஆய்வு செய்யப்பட்டன. நேரம் கடைசியில் சேர்த்து எழுதப்பட்டது' என்று ஒரு வரி எழுதி, பெயரெழுத்துப் போட்டு, தேதியிடச் சொன்னார். அத்தோடு விஷயம் முடிந்தது என்றார். வெண்டல் முடியாது என்றான். சரி, அப்படியானால் உன்மேல் நீயே குறை அறிக்கை எழுது என்றார். அங்கே தோட்டக்காரன்கூட யார்மேலும் குறை அறிக்கை எழுதலாம். வெண்டல் எழுதினான்.

அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி: ஆய்வு செய்யப்பட்டதா? இரண்டு கட்டம்: ஆம், இல்லை. 'இல்லை' என்று குறித்தால், தெரிந்தே பொய்ப்பதிவு செய்தான் என்று அர்த்தம். இந்த நாட்டில் எந்த அணு உலைக்கும் பக்கத்தில் போக விடமாட்டார்கள். வேலையோடு வரும் ஆர்டித்தின் மருத்துவக் காப்பீடும் அதோடு போகும். 'ஆம்' என்று குறித்தால் எல்லாம் முடிந்துவிடும். வெண்டல் அளவுகோலை வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தான். பக்கத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினான். அதில் குறியிட்டு, பெயரெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தான்.

படிவம் திரும்பி வந்தது. அங்கீகரிக்கப்பட்ட படிவத்தை மாற்ற யாருக்கும் அனுமதியில்லை. படிவத்தை மாற்றியதற்காக இன்னொரு குறை அறிக்கை, அதுவும் அவன்மேல். இரண்டாவது படிவத்திலும் மூன்றாவது கட்டம் வரைந்தான். அதற்கு மூன்றாவது அறிக்கை.

"நீ என்ன பெரிய நீதிமானா?" என்று டக்கர் அவன் வீட்டுக்கே வந்து கேட்டான். நான் அப்போது ஆர்டித்துக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். "சுவர் நல்லாத்தானேப்பா இருக்கு. நான் கட்டின கம்பி. என் ஆளுங்க கட்டினது."

"நல்லாத்தான் இருக்கும்."

"அப்போ ஆமான்னு போடு."

"அந்தக் கட்டத்துல கேக்குறது சுவரைப் பத்தி இல்ல டக்கர். என்னைப் பத்தி."

"உன்னைப் பத்திக் கேட்டு வாஷிங்டனுக்கு என்ன ஆகணும்?" டக்கர் ஆர்டித்தின் பக்கம் திரும்பினான். "நீயே சொல்லும்மா, இவன் கிறுக்கன்தானே?"

"ஆமா," என்றாள் ஆர்டித்.

டக்கர் சிரித்துவிட்டான். வெண்டலும் கொஞ்சம் சிரித்தான். அவள் இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியவில்லை.

குறை அறிக்கைகளின் பட்டியலைத் தினமும் காலையில் படிப்பதற்கென்று அங்கே அரசாங்கத்தின் ஆய்வாளர் ஒருவர் இருக்கிறார். கட்டுமான இடத்திலேயே அவருக்கு அறை. மின்நிலையத்துக்காரர்களோடு சாப்பிடக்கூடாது, பழகக்கூடாது. அவர் பெயர் லாக்வுட். முப்பத்தைந்து வயதுப் பெண். ஒரே ஆள்மேல் ஒரே வாரத்தில் மூன்று அறிக்கை வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மே மாதம் இரண்டாவது வாரம் என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

அவித்த வேர்க்கடலையை முன்னால் வைத்தேன். வேண்டாம் என்றார். காபி? வேண்டாம். தண்ணீர்? கைப்பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நான் மின்நிலையத்துல வேலை செய்யலம்மா," என்றேன். "வேர்க்கடலை என் சொந்தக் காசு."

"தெரியும், மிஸ் எர்லீன். நீங்க சாட்சி. சாட்சி குடுக்குற வேர்க்கடலையும் சாப்பிடக்கூடாது."

தபால் உறையைக் காட்டினேன். அதைப் படம் எடுத்தார். எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினீர்கள் என்று கேட்டார். ஆர்டித் வீட்டு அடுப்பில் இருக்கும் கடிகாரம் என்றேன். அது சரியாக ஓடுமா என்றார். அந்த அடுப்புக் கடிகாரம் சரியா என்று முப்பத்தொரு வருடம் நேரம் எழுதிய நான் பார்த்திருக்கவில்லை. இருவரும் சாலையில் நடந்துபோய்ப் பார்த்தோம். ஏழு நிமிடம் முன்னால் ஓடியது. மார்ச்சிலும் ஏழுதானா, அதற்குப் பிறகு மின்சாரம் போய்வந்ததில் மாறியதா என்று யாரால் சொல்லமுடியும்? நான் பேசிய நேரம் 9.58 ஆகவும் இருக்கலாம், 10.05 ஆகவும் இருக்கலாம். டக்கரின் பத்தேகால் எந்தக் கடிகாரம் என்று கேட்டபோது, அவன் ரேடியோச் செய்தியோடு வந்த என் பத்து ஐந்தை வைத்துக் குத்துமதிப்பாகச் சொன்னதாகத் தெரியவந்தது. அப்படியானால் அந்தப் பதினாறு நிமிடமும் பதினாறு இல்லை. லாக்வுட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இங்க வர்றதுக்கு முன்னாடி எனக்கு இன்னும் கொஞ்சம் தெரிஞ்சிருந்தது," என்றார்.

கடைசியில் சுவரையே கேட்பது என்று முடிவாயிற்று. முதலில் சுவருக்குள் ஊடுருவிப் படம் எடுக்கும் கதிர்க்கருவி வைத்துப் பார்த்தார்கள். ஐந்து இடத்தில் கம்பி இருக்கவேண்டிய ஆழத்தில் இருந்தது. நாற்பதாவது இடத்தில் மட்டும் படம் மங்கலாக வந்தது. அங்கே துளைத்துப் பார்ப்பது என்று தீர்மானித்தார்கள். அதற்காக அந்தப் பக்கத்து வேலையெல்லாம் ஒன்பது நாள் நின்றது. டக்கரின் ஆட்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். தேவாலயத்தில் வெண்டலுக்குப் பக்கத்து இருக்கைகள் காலியாக இருந்தன. சாலையோரத்தில் வேர்க்கடலை விற்கும் கிழவர்கூட, "தன்னைத்தானே போலீசுல புடிச்சுக் குடுத்தவன் போறான் பாரு," என்றார்.

துளைக் கருவி நாற்பதாவது இடத்தில் நேராகக் கம்பியின்மேலேயே போய் இறங்கிக் கம்பியை அறுத்துவிட்டது. வெளியே எடுத்த கான்கிரீட் உருளை மூன்று துண்டாக உடைந்தது. கம்பி முதலில் எந்த ஆழத்தில் இருந்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. சரியாக இருந்ததா இல்லையா என்று பார்க்கப்போன இடத்தில், இப்போது நிச்சயமாகச் சரியில்லை. அதற்குத் தனிக் குறை அறிக்கை. நல்லவேளை, இது வெண்டல்மேல் இல்லை.

ஜூன் மாதம் ப்ரிச்சர்ட் அவனைக் கூப்பிட்டார். உன் ஐந்து இடமும் சரி, ஆறாவது எங்கள் தவறு, இப்போதாவது 'ஆம்' போடு என்றார். வெண்டல் பழையபடியே சொன்னான்: கம்பி சரியாக இருக்கிறது என்பதால் நான் பார்த்தேன் என்று ஆகாது. ப்ரிச்சர்ட் கோப்பு மூடும்வரை முத்திரையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். தன் வேலைக்குத் தானே சாட்சி சொல்ல முடியாதவனை ஆய்வுக்கு அனுப்ப விதியில் இடமில்லை. வேலையைவிட்டு அனுப்பவும் இல்லை. குறை சொன்னவனை அனுப்பக்கூடாது என்றும் விதி இருக்கிறது. 117 ஓர் உறைக்குள் போய் அலமாரியில் பூட்டப்பட்டது. வெண்டலை அளவுக் கருவிகள் அறையில் போட்டார்கள். அளக்கும் டேப்பையும் அளவுகோல்களையும் காலையில் எண்ணிக் கொடுத்து மாலையில் திருப்பி வாங்குவது. காப்பீடு போகவில்லை.

நல்லது என்று நான் நினைத்தேன். பகல் ஷிஃப்ட், ஏணி ஏறவேண்டாம், நாலு மணிக்கு வீடு. ஆனால் அவன் சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார ஆரம்பித்தான். ஒருவர் அப்படி உட்கார்ந்தால் நான் பசியின்மை என்று எழுதுவேன். இரண்டு வாரம் என் நோட்டில் அப்படி எழுதினேன். நான்கு பவுண்டு குறைந்திருந்தான்.

ஆகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை காலை ஆர்டித்தைக் குளிப்பாட்டி முடித்துத் துண்டைச் சுற்றும்போது அவன் குளியலறை வாசலில் வந்து நின்றான்.

"குளவி," என்றான்.

"எங்கே?"

"கம்பியில. முப்பத்தெட்டாவது இடத்துல. சிவப்புக் குளவி ஒண்ணு உக்காந்திருந்துச்சு. டேப்பால தள்ளிவிட்டேன். இன்னிக்குக் காலைல பல் தேய்க்கும்போது ஞாபகம் வந்துச்சு."

நான் துண்டை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். முப்பத்தெட்டில் டேப்பை நீட்டியிருந்தால் அளந்திருக்கிறான். அளந்திருந்தால் முத்திரை திரும்ப வரும். அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் சந்தோஷம் இல்லை.

"நிஜமா வந்த ஞாபகமா? இல்ல, வந்தா தேவலாம்னு வந்த ஞாபகமா?"

"அதைத்தான் உங்ககிட்ட கேக்க வந்தேன்."

எனக்கு எப்படித் தெரியும்? முதியோர் இல்லத்தில், நடக்காத கல்யாணத்துக்குப் போய்வந்ததைப் பேப்பர் படிப்பதுபோலத் தெளிவாகச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே மனிதர்கள் நடந்ததையும் அதே தெளிவோடு சொன்னார்கள். மார்ச்சில் குளவி இருக்கும். ஏப்ரலிலும் இருக்கும். அந்தக் குளவி வேறு சுவரில், வேறு நாளில் இருந்திருக்கலாம். இதையெல்லாம் அவனே யோசித்திருந்தான்.

அன்றே பகலில் ப்ரிச்சர்ட் தொலைபேசியில் கூப்பிட்டார். கோப்பு திங்கட்கிழமை மேலே போகிறது, புதிதாகச் சேர்க்க ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று விதிப்படி கேட்கவேண்டியிருக்கிறது, கேட்கிறேன் என்றார். வெண்டல் என்னைப் பார்த்தான். நான் ஆர்டித்துக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன், அவனைப் பார்க்கவில்லை.

"இல்ல சார். சேக்க எதுவும் இல்ல," என்று சொல்லிவிட்டு வைத்தான்.

சமையலறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு முறை நடந்தான்.

"மிஸ் எர்லீன், இப்ப நான் சொன்னது பொய்."

"எது?"

"ஞாபகம் எதுவும் இல்லன்னு சொன்னேன். குளவி ஞாபகம் இருக்கே."

"அது நிஜமான்னு உனக்கே தெரியலையே."

"நிஜமான்னு அவர் கேக்கல. இருக்கான்னுதான் கேட்டார்."

திரும்பப் போன் போட்டான். குளவியைப் பற்றிச் சொன்னான். இன்று காலை ஏழு பத்துக்கு, பல் தேய்க்கும்போது வந்தது என்றான். மறுமுனையில் ப்ரிச்சர்டின் குரல் உயர்ந்தது எனக்கே கேட்டது. அருமை வெண்டல், இதுதானே வேண்டியிருந்தது, 'ஆம்' போட்டு மூடிவிடலாம் என்றார்.

"இல்ல சார். அதைக் கணக்குல எடுக்கவேண்டாம்."

"அப்புறம் எதுக்குச் சொல்றே?"

"எழுதி வெக்கிறதுக்கு."

பிறகு ப்ரிச்சர்ட் பேனா தேடுவதாகச் சொன்னார். வெண்டல் குளவியை முதலிலிருந்து, மெதுவாக, எழுதிக்கொள்ள வசதியாகச் சொல்ல ஆரம்பித்தான். ஆர்டித் சூப்பைப் பார்த்து ஆமா என்று சொல்லிக் கிண்ணத்தைத் தள்ளினாள். நான் எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினேன்.

கோப்பு திங்கட்கிழமை மேலே போனது. இன்னும் மூடவில்லை என்று லாக்வுட் வேறொருவரிடம் சொன்னதாகக் கேள்வி. முத்திரை அலமாரியில்தான் இருக்கிறது. வெண்டல் இப்போது சாப்பிடுகிறான். போன வாரம் இரண்டு பவுண்டு ஏறியிருந்தது. ஏன் என்று அவனைக் கேட்டேன். தெரியவில்லை என்றான். அப்படியே எழுதிக்கொண்டேன்.